கேக்கின் மேல் என் பெயர்

இன்று நாகல் நகர் பேக்கரியில் ஒரு தம்பி கேக்கில் எழுதச் சொன்ன பெயர், இஞ்ஞாசியம்மாள்.

என் பெயர்! நாற்பது வருடத்தில் இன்னொருத்தியை நான் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மாவுக்கா என்று கேட்டேன்.

"எம்மகளுக்குக்கா. இன்னைக்கு ஒரு வயசு. புனித இஞ்ஞாசியார் திருநாள்ல பொறந்தா. எங்கய்யா வேற பேரு வைக்கவே விடல."

எனக்கும் அதே திருநாள், அதே கதை என்றேன்.

முகமெல்லாம் சிரிப்பு. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பள்ளிக்கூடத்துல கேலி பண்ணாங்களாக்கா?"

"சேச்சே! இந்தப் பேருக்கு நான் ஒருத்திதான்னு அம்புட்டு கெத்தாத் திரிஞ்சேன் தம்பி."

பச்சைப் பொய்.

வீட்டுக்கு வந்ததும், இத்தனை வருடம் ஃபேஸ்புக்கில் வைத்திருந்த 'இனியா'வை அழித்து உண்மைப் பெயரைப் போட்டுவிட்டேன். கேலி செய்பவர்கள் கமெண்டில் வரிசையாக வரவும். குட்டி இஞ்ஞாசியம்மாள் பள்ளிக்கூடம் போவதற்குள் உங்களையெல்லாம் இந்தப் பெயருக்குப் பழக்கிவிட வேண்டும்.