ஆள் இல்லாத சீட்

என் வீட்டுக்காரர் பூதத்தானின் பட்டறையில் யாராவது வந்து உட்கார்ந்து எழுந்தால், அவர்கள் செருப்பை மாட்டுவதற்குள் நாற்காலியைத் தூக்கி அடுக்கிவிடுவார். பேட்டையில் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் செய்கிற பட்டறை அது. இன்னும் ரெண்டு வார்த்தை பேசலாம் என்று திரும்புகிறவருக்கு உட்கார இடம் இருக்காது. ‘அண்ணாச்சி நம்மள வெரட்டுதாரு’ என்று மனத்தாங்கல் பட்டவர்கள் உண்டு. விரட்டவில்லை. ஆள் இல்லாத நாற்காலியை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. முதல்முதலாகச் சினிமாவுக்குப் போனோம். பக்கத்து சீட்டுக்கு ஆள் வரவில்லை என்றதும் என் கைப்பையை வாங்கி அதில் வைத்தார். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, இடைவேளையில் தண்ணீர் பாட்டிலும் முறுக்குப் பொட்டலமும் வாங்கிவந்து பைக்குத் துணையாக வைத்தார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை காலியாக இருந்தால், போகிற ஆளைக் கையைப் பிடித்து உட்காரவைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். பெண் வீட்டுக்காரர்கள் இவரைப் பெரிய உபசாரி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். இந்தப் பொன்செல்விக்கு வாயை மூடுவது எவ்வளவு சிரமம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

காரணத்தை மூத்தவன் மகாராஜா பிறந்த பிறகுதான் சொன்னார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் குடும்பத்தோடு வேனில் போயிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சனம் பாதி அந்தச் சமயத்தில் அங்கேதான் கிடக்கும். ஆற்றங்கரையில் குடில் போட்டு, பொங்கித் தின்று, சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும். திருவிழா முடிந்து கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாமானும் சனமும் ஏறிய பிறகு, முன் சீட்டில் இருந்த என் மாமனார், “ஏலே பூதம், தலைய எண்ணுலே” என்றிருக்கிறார்.

இவர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். கடைசி சீட்டு மூலையில் ஒரு சின்னத் தலை. தங்கச்சி இசக்கி, எட்டு வயது. தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காலையிலேயே குளிப்பாட்டிச் சடை போட்டுவிட்ட பிள்ளை மறுபடியும் ஆற்றில் இறங்கியிருக்கிறாள், சொன்னால் அப்பா முதுகுத்தோலை உரித்துவிடுவார் என்று நினைத்து, அதைச் சொல்லாமல் விட்டார். “கணக்குச் சரியா இருக்குப்பா” என்று மட்டும் சொன்னார். வேன் கிளம்பியது.

விக்கிரமசிங்கபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். இசக்கி இறங்கவில்லை. மூலை சீட்டில் யாரும் இல்லை. திரும்ப மலைக்கு ஓடித் தேடி, மறுநாள்தான் ஆற்றுப் பாறை இடுக்கில் அவளைக் கண்டெடுத்தார்கள். முந்தின நாள் மத்தியானமே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இவர் எண்ணியதோ சாயங்காலம்.

பையன் யாரோ ஒருத்தரை ரெண்டு தடவை எண்ணிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. மாமனார் சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னார். இவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

“நான் தப்பா எண்ணலட்டி. அவ இடத்துல வேற என்னமோ வந்து உக்காந்திருந்துச்சு. எடம் காலியா கெடக்கப் போய்த்தான அது உக்காந்துச்சு? அதுமட்டும் உக்காரலன்னா, ஒரு தலை கொறையுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சாமியிடமே நியாயம் கேட்கிறவள் நான். ஆனால் அன்றிலிருந்து அந்த நாற்காலி விஷயத்தில் மட்டும் அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன். மற்றதற்கெல்லாம் கேலி உண்டு.

ஊருக்குள் ஆற்று வெள்ளம் வந்துபோன பிறகு பட்டறைக்குத் தலைக்கு மேல் வேலை. தண்ணீரில் கிடந்து துருப்பிடித்த ஷட்டரை ஊர் முழுக்க மாற்றினார்கள். கையில் நாலு காசு நின்றது. கொழுந்தன் மாரிசெல்வம்தான் ஆசையைக் கிளப்பிவிட்டான். வண்ணார்பேட்டையில் ஷமீம் என்கிற பழைய கார் வியாபாரியிடம் ரெண்டு வெளிநாட்டுக் கம்பெனி வண்டி வந்திருக்கிறது, பெரிய மனிதர்கள் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது, நாம் புதிதாக வாங்க நினைத்தே பார்க்க முடியாத வண்டிகள் என்று.

போய்ப் பார்த்தோம். ஒன்று கறுப்பு. ஏழு சீட், மூணு வரிசை, ஏறுவதற்கே படி வைத்திருந்தது. இன்னொன்று வெள்ளை. அதே கம்பெனி, அதே சொகுசு, அளவில் சின்னது, அஞ்சு சீட். எனக்குக் கறுப்பின் மேல்தான் கண். முக்கூடலில் என் பிறந்த வீட்டுத் தெருவுக்குள் அது நுழைந்தால் எதிர்த்த வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொள்வாள் என்று மனசுக்குள் பார்த்துவிட்டேன். அவர் வெள்ளையைவிட்டு நகரவில்லை.

“நாம நாலு பேரு. அஞ்சு சீட்டுன்னா ஒண்ணுதான் காலி. ஒரு பையக் கியைய வச்சிரலாம். ஏழுன்னா மூணு காலி. எதைக்கொண்டு நெரப்புவேன்?”

“அப்போ ரெண்டு சீட்டு வண்டியா வாங்குங்க. பிள்ளைகள டிக்கியில போட்டுக்கிடலாம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “நித்யாவுக்கு எட்டு வயசாயிட்டுட்டி” என்றார்.

நித்யா எங்கள் இளையவள். அவர் இத்தனை நாளாக மனசுக்குள் என்னத்தைச் சுமந்துகொண்டு அலைகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? செத்துப்போன பிள்ளைக்குப் பயந்து உயிரோடு இருக்கிறவர்கள் ஒடுங்கி உட்கார வேண்டுமா என்று சண்டை போட்டேன்.

ஷமீம் நடுவில் புகுந்தார். “அண்ணாச்சி, ஒரு நா இத ஓட்டுங்க, ஒரு நா அத ஓட்டுங்க. பொறவு முடிவு பண்ணுங்க.”

வெள்ளையில் திருச்செந்தூர் போய்வந்தோம். அஞ்சாவது சீட்டில் அரிசிப் பையை வைத்துப் பெல்ட் மாட்டிவிட்டார். போகும்போதும் வரும்போதும் பாட்டு வேறு முணுமுணுத்தார். கறுப்பின் முறை வந்தபோது, எங்கே போவது என்று நான்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். காரையாறு என்றேன். எங்கள் குலதெய்வமான சாஸ்தா அங்கேதான். ஆனால் இசக்கி போனதிலிருந்து அவர் அந்த மலை ஏறியதில்லை. வருஷா வருஷம் என்னையும் பிள்ளைகளையும் மாரிசெல்வத்தோடு அனுப்பிவிடுவார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் நித்யா, “எப்பா, நம்ம சாமிய நீ பாத்ததே இல்லியா?” என்று கேட்டாள். அவர் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஷமீமின் இடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போதே அது கத்த ஆரம்பித்தது. பின் வரிசையில் யாரோ பெல்ட் போடவில்லை என்று கண்ணாடிக்குக் கீழே சிவப்பாகக் காட்டியது. பின் வரிசையில் யாரும் இல்லை. ஷமீம் ஏறி அந்த சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

“ஈரம் பட்டா இப்படிக் கத்தும் அண்ணாச்சி.”

“ஈரமா இருக்கா?”

“இல்ல, காஞ்சுதான் கெடக்கு” என்று தலையைச் சொறிந்தார்.

என் வீட்டுக்காரர் காலி சீட்டுகளை நிரப்ப ஆரம்பித்தார். கோவிலுக்கு வாங்கிய வாழைத்தாரை நடு வரிசையில் மகாராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டிலும், பொங்கல் பாத்திர மூட்டையை இன்னொரு சீட்டிலும் வைத்தார். நித்யா பின் வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். அவளுக்குப் பக்கத்து சீட்டில் அரிசிப் பையை வைத்துப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார். கத்தல் நின்றது.

அம்பாசமுத்திரம் தாண்டி மலை தெரிந்ததும் அவர் கை ஸ்டீரிங்கை இறுக்குவதைப் பார்த்தேன். ஆனால் கோவிலில் ஒரு குறையும் இல்லை. அரிசியைப் பொங்கினோம். வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாக வெட்டி அங்கே நின்றவர்களுக்குக் கொடுத்தோம். பட்டவராயன் சன்னதியில் செருப்புக் காணிக்கை கட்டித் தொங்குவதை நித்யா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டிப்போட்ட புதுச் செருப்பு தேய்ந்துபோகும், சாமி போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. நித்யாவுக்குச் சளி பிடித்திருந்ததால் ஆற்றில் தலையை நனைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, காலை மட்டும் நனைக்கவிட்டேன்.

சாயங்காலம் கிளம்பினோம். மேலே மேகம் கறுத்திருந்ததே தவிர சாரல் இன்னும் இறங்கவில்லை. இன்னும் வாங்காத வண்டி, சீட்டில் கரி ஒட்டக் கூடாது என்று நான் சொன்னதால், பாத்திரங்களை டிக்கியில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். பின்கதவு தானாக மெதுவாக இறங்கி மூடிக்கொண்டது. நான் முன்னால் ஏறிக் கண்ணாடியில் பின்னே பார்த்தேன். நடுவில் மகாராஜா போனை நோண்டிக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் சீட்டுக்கு மேலே நித்யாவின் உச்சந்தலை தெரிந்தது. நான்தான் பார்த்தேன். அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

“எல்லாரும் ஏறியாச்சா?” என்று கேட்டார்.

“ஏறியாச்சு. எடுங்க” என்றேன்.

அவர் எடுக்கவில்லை. எப்போதும்போல இறங்கி நடு வரிசைக் கதவைத் திறந்தார். மகாராஜாவின் தலையைத் தொட்டார். அப்படியே குனிந்து கையை நீட்டிக் கடைசி சீட்டில் இருந்த தலையைத் தொட்டார். வண்டி கத்த ஆரம்பித்தது. கையை இழுத்து என் முன்னால் நீட்டினார். விரலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“பிள்ளைய குளிக்கவிட்டியா?”

“இல்லையே.”

“எறங்குங்க” என்றார். “எல்லாரும் எறங்குங்க.”

இறங்கினோம். நான், மகாராஜா, அவர். மூன்று பேர்தான் நின்றோம். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒருவரும் இல்லை.

அவர் ஆற்றைப் பார்த்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். படித்துறைக்குக் கீழே, பாசி வழுக்கும் பாறையில், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நித்யா நின்றுகொண்டிருந்தாள். கழுவி வைத்துவிட்டு மறந்த அவள் செருப்பில் ஒன்று மிதந்துபோய் எட்டாத தூரத்தில் நின்றது. அதற்காக அடுத்த காலை எடுத்து வைக்கப்போனாள். அதற்கப்பால் ஆழம். அவர் பாவாடையோடு சேர்த்துப் பிடித்து இழுத்துத் தூக்கினார்.

பாத்திரம் எடுக்க அவர் போயிருந்தபோது, திறந்து கிடந்த டிக்கி வழியாகவே இறங்கி வந்தாளாம். “சொல்லிட்டு வந்தா நீ ஏசுவம்மா” என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன், கட்டிக்கொண்டுவிட்டேன். அவள் தலையை மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை. தலை காய்ந்துதான் இருந்தது.

வண்டிக்குத் திரும்பினோம். கடைசி சீட்டின் தலை சாய்க்கிற இடத்திலிருந்து தண்ணீர் கோடாக இறங்கி சீட்டில் தேங்கியிருந்தது. ஆற்றுப் பாசி வாசனை வந்தது. மகாராஜா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். மீசை முளைக்கிற வயசுப் பையன், அன்றைக்குப் பிடித்துக்கொண்டான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்கப் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று வந்தது. அழுகை.

“என்னங்க,” என்றேன், “காஞ்ச தலையா இருந்திருந்தா நீங்க வண்டிய எடுத்திருப்பிய.”

அவர் குனிந்து சீட்டில் தேங்கிய தண்ணீரைத் தொட்டார்.

“அன்னைக்கும் இசக்கி உங்கள ஏமாத்த வரல. வீட்டுக்கு வரணும்னு வந்து ஏறி உக்காந்திருக்கா. நீங்கல்லாம் அவளத் தேடி மலைக்கு ஓடிட்டிய. அதுக்குப் பொறவு எங்கயாவது ஒரு எடம் அவளுக்கு விட்டு வச்சியளா?”

மனிதர் அங்கேயே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். முப்பது வருஷத்துக்கு மேல் தேக்கி வைத்த அழுகை. நாங்கள் யாரும் தேற்றவில்லை. அழுது முடித்து எழுந்தவர், பாத்திர மூட்டையைத் தூக்கிக் கடைசி சீட்டில் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நித்யாவை என்னோடு நடு வரிசையில் உட்காரச் சொன்னார். பிறகு உள்ளே குனிந்து, ஆள் இல்லாத அந்த சீட்டின் பெல்ட்டைப் பைய இழுத்து மாட்டினார்.

“ஏளா இசக்கி, வா, வீட்டுக்குப் போவோம்” என்றார்.

கத்தல் நின்றது. மலை இறங்கும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் டீக்கடைகளைக் கண்டதும் மகாராஜா ஏதோ கேட்கப் போனான். அவர் நிறுத்தாமல் ஓட்டினார்.

பேட்டையில் வீட்டு வாசலில் மாரிசெல்வம் நின்றுகொண்டிருந்தான். “என்ன மதினி, பெருசா, சின்னதா?” என்று கேட்டான்.

“பெருசுதாம்லே” என்று அவரே சொன்னார். நாங்கள் இறங்கினோம். அவர் சுற்றி வந்து, நடு வரிசை சீட்டை முன்னால் மடக்கி வழி விட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் யாருண்ணே உள்ள?” என்றான் மாரிசெல்வம். நான் அவன் கையைப் பிடித்து அமுக்கினேன்.

எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி அவ்வளவு உயரமான வண்டியிலிருந்து இறங்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத்தான் அவர் கதவைச் சாத்தினார்.