பூனைக்குப் பிறகு

ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் அறைக்குப் போகாமல், ஓசூர் தியேட்டரில் காலைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கித் தூங்குவது அப்போது எங்கள் வழக்கம். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எந்தப் படமானாலும் சரிதான். அங்கே டார்ச் அடித்து இருக்கை காட்டும் ஒருவர் இருந்தார். காக்கிச் சட்டை, ஒட்டிய கன்னம். பேய்ப் படம் ஓடினால் மட்டும் அவர் திரைக்கு முதுகைக் காட்டி, எங்கள் முகங்களைப் பார்த்தபடியே நிற்பார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்தில் பூட்டிய அறைக்குள் ஏதோ உருண்டது. கதாநாயகி நடுங்கிக்கொண்டே கதவைத் திறந்தாள். ஒரு பூனை பாய்ந்து ஓடியது. சிரித்துவிட்டேன். உடனே டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. நான் கண் சிமிட்டும்வரை அது விலகவில்லை.

இடைவேளையில் எரிச்சலோடு கேட்டேன். "எதுக்குண்ணே என் மூஞ்சில அடிச்சீங்க?"

"கோச்சுக்காதீங்க சார். பேய்ப் படத்துல மொதல்ல பூனைதான் வரும். அட, பூனையான்னு எல்லாரும் மூச்சு விடுவாங்க. அதுக்கப்பறம்தான் அது வரும். போன வருஷம் ஒருத்தரு, இதே சீட்டுதான், பூனையப் பாத்துச் சிரிச்சாரு. படம் முடிஞ்சு லைட் போட்டப்பவும் சிரிச்ச முகமாவே உக்காந்திருந்தாரு. தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு."

மீதிப் படத்துக்கு நான் உள்ளே போகவில்லை.

இப்போதும் சமையலறையில் பாத்திரம் உருண்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் திரும்பி வந்து படுத்துவிடுவேன். பூனை இருந்தால்தான் விளக்கை அணைக்கக் கை வருவதில்லை.