திறப்பைக் கொடுத்த வெள்ளிக்கிழமை

மவுஸை மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, திரைக்கு நேரே நீட்டி, "இது ஏன் அசையுதில்லை?" என்று அவர் கேட்டார். முதல் வகுப்பில் பலர் அப்படிச் செய்வார்கள். அவரோ எட்டு மாதம் படித்து முடித்த பிறகு, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டுமென்றே அதைச் செய்தார். அந்த மூவரில் நானும் ஒருத்தி. அவருக்குக் கற்பித்தவள்.

கனடாவில், மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் யூத முதியவர்கள் வாழும் ஒரு இல்லத்தில், கணினி கற்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது வயது இருபத்திரண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதலாக அம்மா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் காற்சட்டைகளுக்கு ஸிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். "என்ர மகள் படிப்பிக்கிறாள் எண்டு எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டன். கிழடுகளுக்கு எண்டு மட்டும் சொல்லேல்லை" என்று சிரித்தார். நாங்கள் குடியிருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம் எனக்கு ஒரு நாளும் நீளமாகத் தெரிந்ததில்லை.

மவுஸைத் தூக்கிய அந்த மாணவிக்கு வயது எண்பத்தொன்று. அம்மா வேலை செய்வது போன்ற ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். அம்மாவின் தொழிலைக் கேட்டறிந்ததும், முதுகு நோகாமல் இருக்கக் கதிரையில் துணியை எப்படி மடித்து வைப்பது என்று எழுந்து நின்று செய்து காட்டினார். நான் வீட்டுக்குப் போய் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். அம்மாவுக்கு நோவு குறைந்தது. என் மாணவி பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது ஏனோ அம்மாவின் தமிழிலேயே கேட்கிறது. இரண்டு தரம் மவுஸைத் தட்டினால்தான் கோப்பு திறக்கும் என்று சொன்னபோது, "என்ர மனிசனும் உப்பிடித்தான். ஒருக்கால் தட்டினா எழும்பமாட்டார்" என்றார். வகுப்பே சிரித்தது. எட்டாம் மாதம் அவர் தனியாகவே மின்னஞ்சலைத் திறந்து, லண்டனிலிருந்த மகளுக்குப் பதில் எழுதி அனுப்பினார். அன்று வீட்டுக்குப் போய், என் சோதனை முடிவு வந்ததுபோல அதைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட முன் கணினி அறையைப் பூட்டித் திறப்பை நானே வைத்திருக்கவேண்டும் என்பது முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்ட விதி. அதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். அந்த இல்லத்தில் அப்போது எவரும் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். லிஃப்ட் தானாகவே மாடிக்கு மாடி நின்று போகும். வேற்று மதத்தவளான நான் சுவிட்சைப் போடலாம். ஆனால், போடச் சொல்லி அவர்கள் கேட்கக்கூடாது. நானாகவே செய்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. இந்த நுணுக்கத்தை எனக்கு விளக்கிச் சொன்னவரும் என் மாணவிதான்.

பனிக்காலத்தில் நாலு மணிக்கே பொழுதுபட்டுவிடும். அந்த வெள்ளிக்கிழமை நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து என் கையைப் பிடித்தார்.

"மகளை ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டினம். இண்டைக்கு ஒப்பரேசன். மருமகன் எழுதுவான். நாளைக்கு இருட்டுமட்டும் நான் எப்பிடிப் பொறுக்கிறது?"

"மருமகன் ரெலிபோன் எடுக்கலாமே?"

"என்ர அறையில மணி அடிச்சா மாடி முழுக்கக் கேக்கும்."

"அப்ப நான் நாளைக்கு வந்து பாத்துச் சொல்லட்டே?"

"நீ என்னத்துக்கு? எட்டு மாசமா எனக்குச் சும்மாவே படிப்பிச்சனீ?"

அந்தக் கேள்விதான் என்னை விழுத்தியது. திறப்பைக் கொடுத்தேன். திங்கட்கிழமை அதைத் திருப்பித் தந்து, மகள் தப்பிவிட்டாள் என்று கட்டிப்பிடித்தார். பதிலையும் தானே எழுதியதாகக் காதுக்குள் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் என்னை அழைத்தார். இல்லத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்தார். என் மாணவியும் இருந்தார். சனிக்கிழமை பகல் கணினி அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்ததையும் உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டதையும் அயல் அறைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்க முன் என் மாணவி பேசினார்.

"அந்தப் பிள்ளை தானாத்தான் வந்தது. நான் ஒண்டும் கேக்கேல்லை. நான் கவலைப்படுறதைப் பாத்துத் தானே எழுதி அனுப்பினது."

"திறப்புத்தான் நான் கொடுத்தது. சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். எழுதியது அவர்" என்றேன். மேலாளர் மரியாதையானவர். என் மாணவியிடம் திரும்பி, "உங்களால் தனியாக எழுத முடியுமா?" என்று கேட்டார். "இந்த வயசிலயோ?" என்றார் அவர். நால்வரும் கணினி அறைக்குப் போனோம். அங்கேதான் அவர் மவுஸைக் காற்றில் தூக்கினார். பிறகு தலைகீழாகப் பிடித்தார். விசைப்பலகையில் தன் பெயரின் முதல் எழுத்தை ஒரு நிமிடம் தேடினார்.

அனுப்பிய கடிதங்களின் பட்டியலை நான் திறந்து காட்டியிருக்கலாம். அவருடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். கடிதத்தில் அவருடைய நடை இருந்திருக்கும். ஏன் செய்யவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெருந்தன்மையால் அல்ல. அவரே சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒருமுறையாவது என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுநாளில் அறையைத் திறந்தவளை இனி வைத்திருக்க முடியாது என்று மேலாளர் தணிந்த குரலில் சொன்னபோதும் அவர் திரும்பவில்லை.

"எங்கட சனமெண்டா இப்பிடிச் செய்யுமே?" என்றார், அன்றிரவு நடந்ததைக் கேட்ட அம்மா.

"செய்யும் அம்மா" என்றேன்.

எண்பத்தொரு வயதில், நாள்தோறும் ஒரே மேசையில் கூட இருந்து சாப்பிடுகிறவர்கள் முகம் திருப்பிவிட்டால் ஒருவர் எங்கே போவார் என்பது எனக்கு அன்றே விளங்கியது. வேலை போனதை அதனால் தாங்க முடிந்தது. நான் கற்பித்ததைத் தான் கற்கவேயில்லை என்று என் கண்முன்னே அவர் நடித்ததைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

இப்போது ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் கற்பித்த கதையை அங்கே யாருக்கும் சொன்னதில்லை. போன மாதம் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மகள் சுகமாக இருக்கிறாளாம். அவள் வாங்கிக் கொடுத்த கணினி இப்போது தன் அறையிலேயே இருக்கிறதாம். மகளின் படம் ஒன்றும் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தது. அன்று நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாசித்து முடித்த பிறகுதான் மேலே இருந்த நேரத்தைக் கவனித்தேன். சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். நான் யாருக்கும் காட்டமாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். பதில் எழுதவில்லை. அழிக்கவும் இல்லை.