அமுக்கச் சொன்ன டிசைனர்

ஈய எழுத்தைக் கோத்து அச்சடிக்கும் இந்தத் தொழிலில் என்னை முதலில் கெடுத்தவன் டிசைனர் பிரவீன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், பிரவீன் என்று வரும் இடத்தில் உங்கள் ஊருக்கு வந்தவன் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதுகைத் தடவினான்

சுனாமிக்கு அடுத்த வருஷம், குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த பிரவீன் பைக்கில் மரக்காணம் வந்து என் பிரஸ்ஸில் நுழைந்தான். பழைய முறையில் அச்சடிப்பதைக் கற்றுக்கொள்ள வந்தானாம். கம்ப்யூட்டர்காரர்கள் என் வாடிக்கையில் பாதியை அள்ளிக்கொண்டு போயிருந்த நேரம். இவன் எதை அள்ள வந்தானோ என்று பயந்தேன்.

அவனோ ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவினான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிரஸ்ஸில் படித்த முதல் பாடமே, எழுத்து தாளைத் தொட வேண்டும், குத்தக் கூடாது என்பதுதான். பின்பக்கம் தடம் விழுந்தால் ஃபோர்மேன் ஸ்கேலால் முட்டியில் போடுவார். என் தாள் வழவழவென்று இருந்தது. பிரவீன் உதட்டைப் பிதுக்கினான்: "என்னங்க ஐயா, எழுத்து உள்ள எறங்கவே இல்லியே?"

இன்னும் கொஞ்சம்

அவனுக்குக் கெட்டி அட்டையில், விரலில் தட்டுப்படும்படி பள்ளமாக எழுத்து வேண்டும். "ஈயம் தாங்காது தம்பி, எழுத்தோட மூஞ்சி நசுங்கிடும். இப்ப புது எழுத்து வார்த்துத் தர ஆளும் இல்ல" என்றேன். நசுங்கினால் எங்கே தேடியாவது புது செட் வாங்கித் தருவதாக மெஷின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான். என் கைவேலையைப் பார்க்க ஒருத்தன் அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. அந்த மயக்கத்தில் ஒத்துக்கொண்டேன்.

அழுத்தம் கூட, தாளுக்கு அடியில் அட்டை மேல் அட்டையாகச் செருகி, காலால் ஓட்டும் மெஷினை மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் மெஷின் முனகியது. அவன் பள்ளத்தைத் தடவி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "சூப்பருங்க ஐயா, இன்னும் கொஞ்சம் அமுக்குங்க."

அனுமந்தைப் பத்திரிகை

அடுத்த வாரம், அனுமந்தையில் கடலுக்குப் போகும் செல்வராசு, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்தார். மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்களுக்கு வைத்தாக வேண்டும். இரண்டு வீட்டுச் சொந்தமும் சேர்த்து நாற்பது பேர். ஒரு பேர் மங்கினாலும் பந்தலில் சண்டை.

புரூஃப் எடுத்தேன். பாதிப் பேருக்குத் தலை இல்லை, பாதிக்குக் கால் இல்லை. பிரவீனுக்கு அமுக்கியதில் நசுங்காமல் தப்பிய எழுத்தைப் பொறுக்கினால் ஒரு வீட்டுக்குத்தான் காணும். பெண் வீட்டுப் பேர்களை முதலில் அடித்தேன். அதே எழுத்துகளைப் பிரித்து மாப்பிள்ளை வீட்டுப் பேர்களைக் கோத்து, தாள்களை மறுபடி மெஷினில் விட்டேன். மிச்சமிருப்பதும் நசுங்கிவிடுமோ என்று அழுத்தத்தைக் குறைத்து, பயந்து பயந்து மிதித்தேன். செல்வராசு வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்: "ஏம்பா, பொண்ணு வூட்டுப் பேரெல்லாம் கறுப்பா இருக்குது, மாப்பிள்ள வூட்டுப் பேரெல்லாம் வெளுத்துக் கெடக்குது. பந்தல்ல ஒத வாங்கப் போறது நீயா, நானா?"

இதுதான் அழகு

கல்யாணத்தன்று ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பைக் நின்றாலும் பகீரென்றது. உதைக்க யாரும் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் சாப்பிடாமல் எழுந்து போனதாக மட்டும் கேள்விப்பட்டேன். செல்வராசு அதற்குப் பிறகு என் கடைப்படி ஏறவில்லை.

நசுங்கிய எழுத்துகளைத் துண்டில் முடிந்துகொண்டு குயிலாப்பாளையம் போனேன். நான் அடித்த அட்டைகளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான் பிரவீன். மூட்டையை மேசையில் கொட்டி, புது செட் எங்கே என்று கேட்டேன். ஓர் எழுத்தை எடுத்து உருட்டிப் பார்த்தான்: "இந்த நசுங்கல்தாங்க ஐயா அழகு, கம்ப்யூட்டர்ல வராது. இதையே வச்சுக்குங்க."

பிரவீன் எனக்கு இன்றைக்கும் ஒரு செட் எழுத்து தர வேண்டும். அது வந்து சேரும்வரை, மரக்காணம் பக்கம் கல்யாணம் வைப்பவர்கள் சொந்தக்காரர்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது.