ஐஸில் ஏன் உப்பு போடுகிறார்கள்?

"பனி விழும்போது சத்தம் கேக்குமாம்மா?" என்று அப்பா கேட்டார். நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கலிபோர்னியாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் நாங்கள் இருவரும் பனி விழுந்து பார்த்ததில்லை. நாங்கள் இருக்கும் டப்ளின் ஊரில் குளிர்காலம் என்றால் மழைதான். மலைக்கு மூன்று மணி நேரம் ஓட்டிப் போனால் பனி பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் போகலாம் என்று விட்டுவிடுவோம்.

அப்பா மூன்று மாதத்துக்கு எங்களோடு இருக்க வந்திருந்தார். தங்கைக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததால் அம்மா வரவில்லை. தூத்துக்குடிக்கு வெளியே ஓர் உப்பளத்தில் முப்பத்திரண்டு வருடம் மேஸ்திரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வந்த முதல் வாரமே பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் எங்கிருந்து பீய்ச்சுகிறது என்று தேடியவர்.

பனிக்கும் சத்தம் உண்டா என்ற கேள்வி இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் என் கணவர், "சனிக்கிழமை போயிட்டு வந்துடலாம் மாமா. நேர்லயே கேட்டுக்கலாம்" என்றார்.

பக்கத்து வீட்டில் ஜாக்கெட்டும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையும் இரவல் வாங்கினோம். புளியோதரை கட்டினேன். புறப்படும்போது அப்பா, "கறுப்புக் கண்ணாடி எல்லாருக்கும் எடுத்துக்கிட்டியா?" என்றார்.

"டிசம்பர்ல எதுக்குப்பா கூலிங் கிளாஸ்?"

"வெள்ளையா கெடக்கும்னு சொல்லுதிய. வெயில் பட்டா கண்ணு கூசாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் தன்னுடையதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மலை ஏறத் தொடங்கிய பிறகு ஓரிடத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவர்கள் காரை நிறுத்தி, டயருக்குச் சங்கிலி மாட்டாமல் மேலே போக முடியாது என்றார்கள். காசு கொடுத்தால் மாட்டிவிட ஆட்கள் இருந்தார்கள். என் கணவருக்கு ரோஷம். கராஜில் இரண்டு தடவை மாட்டிப் பழகியிருக்கிறேன் என்று சேற்றுப்பனியில் மண்டியிட்டார். கராஜ் தரை காய்ந்திருந்தது. இங்கே விரல் விறைத்துக் கொக்கி கைக்கு வரவில்லை. அப்பா பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இந்தச் சங்கிலி ரோட்ட அறுத்துராதா மாப்ள?"

"அதனாலதான் மெதுவா போகச் சொல்றாங்க மாமா. கொஞ்சம் தள்ளிக்கங்க, ப்ளீஸ்."

நாற்பது நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுவதும் பின்சீட்டில் என் ஆறு வயது மகள் "ஆர் வீ தேர் யெட்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மலைக் கிராமம் என்பது ஒரே ஒரு தெரு. இரு பக்கமும் மரக்கடைகள், ஒரு தபால் நிலையம், பின்னால் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சரிவு. காரிலிருந்து இறங்கியதும் வெயில் பனியில் பட்டு முகத்தில் அடித்தது. நாங்கள் மூவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். அப்பா கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதைக் கழற்றிப் பேத்திக்குப் போட்டுவிட்டார்.

மகளுக்கு நான் வாங்கியிருந்தது கம்பளிக் கையுறை. ஒரு பனி உருண்டை பிடிப்பதற்குள் அது நனைந்து ஊறிவிட்டது. "மை ஃபிங்கர்ஸ் ஹர்ட், அம்மா!" என்று அலறினாள். அவளைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போய், விரல்களை என் வயிற்றில் வைத்துச் சூடாக்கி, கையில் காலுறையை மாட்டித் திரும்பக் கூட்டி வந்தேன். என் கணவர் சரிவில் சறுக்குப் பலகையைச் சோதித்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் காணோம்.

"உங்ககூடத்தானே நின்னாரு?"

"உன் பின்னாடி வந்தாருன்னு நெனச்சேன்."

எங்களிடம் அப்போது செல்போன் கிடையாது. அப்பாவுக்கு ஆங்கிலம் பத்திரிகைத் தலைப்பு வாசிக்கிற அளவுக்கு வரும். சட்டைப் பையில் எங்கள் முகவரி எழுதிய சீட்டு இருக்கிறது என்பதுதான் ஒரே தைரியம். அந்தச் சட்டைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறாரே என்பதும் நினைவுக்கு வந்தது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஓடை கீடையில் இறங்கிப் பார்க்கிற ஆள்தான் அவர்.

கடைசி மளிகைக் கடையின் பக்கவாட்டில் மகள்தான் கண்டுபிடித்தாள். "தாத்தா!"

அப்பா ஜாக்கெட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, நீளக் கைப்பிடி மண்வாரியால் வழியில் கிடந்த பனியை வாரி ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார். சாதாரணக் குவியல் இல்லை. நாலு பக்கமும் சரிவாக, உச்சி கூராக, பள்ளிக்கூட நாளில் ஒருமுறை நான் அளத்தில் பார்த்த உப்பு அம்பாரம் மாதிரியே இருந்தது. படியில் அறுபது வயது மதிக்கத்தக்க கடைக்கார அம்மாள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இது? நாங்க பயந்தே போயிட்டோம்!"

"அந்தம்மா ஒத்தையில வாரிக்கிட்டு இருந்துச்சு. இடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் வாங்கிக்கிட்டேன்." நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அத விடு. இங்க வா, இதப் பாரு."

படியோரம் ஒரு சாக்கு பிரிந்து கிடந்தது. உள்ளே பழுப்பு நிறக் கல் உப்பு.

கடைக்கார அம்மாள் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "உன் அப்பாவா? படியில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாய் கால் வைக்கிற இடம், வேண்டாம் என்று கத்தினேன். கேட்கவே இல்லை."

"கடல் உப்பு இல்ல இது," என்றார் அப்பா. "பாறை உப்பு. பூமியில வெட்டி எடுத்தது. கேட்டுப் பாரு."

கேட்டேன். சுரங்கத்திலிருந்து வருவது என்றுதான் அவளும் சொன்னாள். அப்பா தலையாட்டிக்கொண்டார். அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"இந்த உப்ப ஏன் படியில போடுதாங்க?"

என் கணவர் முன்வந்தார். "ஐஸ் உருகறதுக்கு மாமா. வழுக்காம இருக்கும்."

"உருகுறதுக்கா? நம்மூர்ல குச்சி ஐஸ்காரன் பெட்டியச் சுத்தி ஐஸக் கொட்டி அதுல உப்பப் போடுவான். எதுக்குன்னு கேட்டா, குளிரு ஜாஸ்தியாவும்னு சொல்லுவான். நம்ம அளத்துலதான் வந்து வாங்கிட்டுப் போவான். அங்க குளிர்றதுக்குப் போடுதான், இங்க உருகுறதுக்குப் போடுதாங்க. ரெண்டுல எது நெசம் மாப்ள?"

என் கணவர் இன்ஜினியர். "ஃப்ரீசிங் பாயிண்ட்..." என்று தொடங்கி, எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் நின்றுவிட்டார். எனக்கும் தெரியவில்லை. நான் கேள்வியை அந்த அம்மாளுக்கு மொழிபெயர்த்தேன். அவள் சிரித்தாள். தன் அம்மாவும் மர வாளியில் ஐஸும் உப்பும் போட்டு, கைப்பிடியைச் சுற்றித்தான் ஐஸ்கிரீம் செய்வாள், இரண்டும் உண்மைதான், ஏன் என்று மட்டும் தன்னைக் கேட்காதே என்றாள். நாற்பது வருடமாகப் படியில் உப்பு தூவியும் தனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே இல்லையாம்.

அவள் என் மகளுக்குச் சூடான சாக்லேட் கொடுத்தாள். நாங்கள் அவளுக்குப் புளியோதரை கொடுத்தோம். அதை முகர்ந்து பார்த்து, ஒரு வாய் தின்று, என்ன போட்டிருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வெயில் மங்கிப் பனி விழத் தொடங்கியது. அப்பா கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கடைக்கார அம்மாள்கூட வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினாள். ஸ்வெட்டரில் பனி விழுந்து விழுந்து நின்றது.

"கேக்கல," என்றார் அப்பா, கொஞ்சம் ஏமாற்றமாக.

"ஐ கேன் ஹியர் இட், தாத்தா," என்றாள் மகள். அவள் காதை ஜாக்கெட்டின் தொப்பி மூடியிருந்தது. அந்த நைலான் துணியில் பனி படும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. அப்பா வேலியில் கிடந்த ஜாக்கெட்டை ஓடிப் போய் எடுத்து, தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எங்களையும் ஒவ்வொருவராகத் தொப்பி போட்டுக் கேட்க வைத்தார். தவிட்டைச் சல்லடையில் சலிப்பதுபோல மெல்லியதாக ஒரு சத்தம்.

பிப்ரவரியில் அப்பா ஊருக்குப் போனார். அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் அரைப் பாளம் வாங்கி வந்து, உடைத்து இரண்டு அண்டாவில் போட்டு, ஒன்றில் மட்டும் உப்பு போட்டாராம். இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் பால் வைத்தாராம். உப்புப் போட்ட ஐஸ்தான் சீக்கிரம் உருகியது. ஆனால் அதற்குள் இருந்த பால்தான் கெட்டியானது. "ஆகவே அந்த அம்மாள் சொன்னது சரி. ஏன் என்று மாப்பிள்ளையை விசாரித்து எழுதச் சொல்லவும்" என்று முடித்திருந்தார்.

ஓரத்தில் அம்மா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அடுக்களை முழுவதும் உப்புத் தண்ணீர், இனிமேல் இவரை எங்கும் கூட்டிப்போகாதே.

என் கணவர் அந்தக் கடிதத்தோடு டப்ளின் நூலகத்துக்குப் போனார்.