கிரகணம் பார்க்கக் கடலூர் போனோம்

சிதம்பரத்தில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் பஞ்சாங்கக் கணக்குப் போடுவது என் வேலை. நான் கம்ப்யூட்டர் கணக்கைக் கொண்டுவந்த முதல் வருஷமே வம்பு வந்தது. ஐப்பசிப் பௌர்ணமியன்று நிலா உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருக்கும் என்றது என் கணக்கு. பிரஸ்ஸில் காலங்காலமாக நம்பிய பழைய வாய்பாடோ, உதிப்பதற்குள் கிரகணம் விட்டுவிடும், இங்கே தெரியாது என்றது.

முதலாளி இரண்டு தாளையும் பார்த்தார். "எதுக்கும்மா வம்பு? ரெண்டுக்கும் நடுவுல ஒரு டைம் போட்டுடு. யாரும் கோச்சுக்க மாட்டாங்க."

"நாம போட்டோம்னு கிரகணம் அந்த நேரத்துல விடாதுங்க மொதலாளி."

சனிப்பெயர்ச்சிக்கு இந்த இரண்டு கணக்கும் மாசக்கணக்கில் முரண்படும். சனி எங்கே இருக்கிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, தப்பித்துக்கொள்ளலாம். கிரகணத்தைத் தெருவே பார்க்கும். நான் பிடிவாதமாக நின்றதில் என் கணக்கே அச்சேறியது.

"தப்பாச்சுன்னா பழைய கணக்குக்கே போயிடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேல இருக்காது, சொல்லிட்டேன்" என்றார்.

அந்த நாளும் வந்தது. சிதம்பரத்தில் கட்டடங்கள் அடிவானத்தை மறைக்கும் என்று முதலாளி என்னைக் கடலூர் சில்வர் பீச்சுக்குக் காரில் கூட்டிப்போனார். கிழக்கே கடல்மேல் ஒரே மேகம். நிலா உதிக்கும் நேரம் கடந்தும் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாம்மா, உன் நிலாவக் காணோம்?"

"மேகம் ஜாஸ்தியா இருக்குங்க."

"காலண்டர் வாங்குனவங்க ஃபோன் பண்ணிக் கேட்டா அதயா சொல்ல முடியும்?"

மேகம் விலகவே வேண்டாம் என்று அப்போது உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். நிலா தெரியாமலே போனால் என் கணக்கைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, வேலையும் மிஞ்சும்.

மேகம் விலகியது. நிலாவின் மேல் ஓரத்தில் ஒரு கடி குறைந்திருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கொறஞ்சுதாம்மா இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப அடுத்த கிரகணமும் கரெக்டா வந்துடுமா?"

"வரும்னுதான் கணக்கு சொல்லுது. வந்து பாத்தாத்தாங்க தெரியும்."

அதிலிருந்து நம் ஊரில் தெரியும் ஒவ்வொரு கிரகணத்தையும் நேரில் பார்த்துவிடுகிறோம். இத்தனை முறை சரியாக வந்தும், மேகத்தைக் கண்டால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விலகக் கூடாதென்று மட்டும் அப்புறம் நான் வேண்டிக்கொண்டதில்லை.