பேதுருவின் பாடு

பிரசங்கியார்களுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் வேலைக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் இருபது ஆண்டுகள் அடுத்தவர் எழுத்தை வெட்டியவனுக்கு இது எளிது என்று நினைத்தேன். கடைசித் தேர்வு, ஏரிக்கரை மீனவ ஊரான தோணிரேவில் ஒரு சிறிய சபையின் போதகரைத் தயார்செய்வது. அவர் அந்த ஊர்க்காரர். என் பயிற்சியாளர் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்.

பேதுரு வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனதுதான் பிரசங்கம். போதகர் அதில் ‘பாடு’ பற்றி எழுதியிருந்தார். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை விரிப்பது என்று ஊரே முறை பிரித்துக்கொள்ளும் வழக்கம் அது. தேவையில்லை என்று அடித்துவிட்டேன்.

ஞாயிறு காலை, நான் திருத்திய தாளை அவர் பிழையில்லாமல் வாசித்தார். ஐந்தாவது நிமிடத்தில் கொட்டாவிகள் தொடங்கின. முன்வரிசையில் இருந்த மீன்கார அம்மா பொறுக்கவில்லை.

“இன்னா பாஸ்டரே, பேப்பரப் பாத்து ஒப்பிக்கிறே? எங்களப் பாத்துப் பேசு நைனா!”

சபை சிரித்தது. போதகர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் தாளை மடித்தார்.

“பேதுருக்கு அன்னிக்குப் பாடு. வுட்டுட்டுப் போனா, அடுத்த மொற எப்ப வரும்?”

“அவ்ளோதான், போச்சு!” என்று நாலு பக்கமும் குரல்கள்.

“பொண்டாட்டி சும்மா வுட்டுருப்பாளா?” என்றார் அந்த அம்மா.

கொட்டாவி விட்டவர்களில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். பேதுரு எதை விட்டுப் போனான் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்.

பயிற்சியாளர் எனக்குத் தேர்ச்சி தரவில்லை. நியாயம்தான், அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அந்தத் தலையசைப்பு. ஆனாலும் திரும்பும் பேருந்தில் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த போதகரிடம் முதலில் ஒன்று கேட்பேன்: “உங்கள் ஊரில் எதை விட்டு வருவது கஷ்டம்?”